சிப்பியின் புரதத்தில் துறைமுக அழுக்கு தெரியுமா? ஜெல் முழுக்கக் கோடாக வருகிறது

கேள்வி: பாறைக்காரன்

எம்.எஸ்சி. கடல் உயிரியல், இரண்டாம் ஆண்டு. ஊர் குளச்சல் பக்கம். ப்ராஜெக்ட்டுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகச் சுவரில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சிப்பியையும் (பெர்னா இண்டிகா), எங்கள் ஊர்ப் பாறையில் எடுத்த அதே சிப்பியையும் 2டி ஜெல்லில் (புரதங்களை மின்னூட்டத்தாலும் எடையாலும் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் முறை) ஒப்பிடுகிறேன். முழுச் சதையையும் அரைத்து, யூரியா பஃபரில் கரைத்து, 7 செ.மீ. ஸ்ட்ரிப்பில் (ஜெல் பட்டை) ஏற்றி மின்சாரம் கொடுத்தேன். வோல்டேஜ் 4000-க்கு ஏற வேண்டியது, 600-ஐத் தாண்டவில்லை. சாயமிட்டுப் பார்த்தால் புள்ளிகளுக்குப் பதில் படுக்கைக் கோடுகள். நடுவில் பத்துப் புள்ளி மட்டும் துறைமுகச் சிப்பியில் பெரிதாகத் தெரிகிறது. அவை எந்தப் புரதங்கள் என்று கண்டுபிடிக்க, வெட்டி மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பச் சொல்கிறார் கைடு. அனுப்பலாமா?

பதில்: உப்புமூட்டை

வோல்டேஜ் ஏறாததற்குக் காரணம் உப்பு. கடல் பிராணியின் திசுவே உப்புத் தண்ணீர்தானே. டி.சி.ஏ. (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) கலந்த அசிட்டோனில் புரதத்தை மைனஸ் 20-இல் வீழ்படிவாக்கி, குளிர்ந்த அசிட்டோனில் இரண்டு முறை கழுவுங்கள். படிவை எலும்பு மாதிரி காயவிட்டால் திரும்பக் கரையாது. யூரியாவில் கரைத்தபின் சூடாக்காதீர்கள், சூட்டில் யூரியா உடைந்து புரதத்தோடு ஒட்டிக்கொண்டு புள்ளியை நகர்த்திவிடும்.

பதில்: முன்னாள் ஜெல்காரி

தம்பி, இப்போது அனுப்பாதீர்கள். பணம் வீண்.

இதே சிப்பியில்தான் என் பிஎச்.டி.யின் முதல் வருடம் தொலைந்தது. விடியற்காலையில் துறைமுகத்தில் எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, ஏழு மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். லேபில் பார்த்தால் எச்.எஸ்.பி.70 என்ற அழுத்தப் புரதம் அள்ளிக்கொண்டு போகிறது. குதித்தேன். சார் நிதானமாக ஒன்று கேட்டார்: "இது துறைமுகமா, பஸ்ஸா?" என்னிடம் பதில் இல்லை. ஒப்பீட்டுக்கான சிப்பி மறுநாள் நண்பனின் ஏசி காரில் வந்திருந்தது!

எச்.எஸ்.பி.70 உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் வேலைக்காரன். வெயில், செம்பு, ஆக்சிஜன் குறைவு என்று எது வந்தாலும் கூடும். கலிஃபோர்னியாவில் டோமானெக்கும் ஸுஸோவும் 2010-இல் வெளியிட்ட வேலையைத் தேடிப் படியுங்கள். உள்ளூர்ச் சிப்பியையும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்து குடியேறிய சிப்பியையும் ஒரே ஒரு மணி நேரம் சூடாக்கி, பிறகு செவுளின் புரதங்களைப் பார்த்தார்கள். புரதங்கள் மாற அந்த ஒரு மணி நேரமே போதுமானதாக இருந்தது. உங்கள் பஸ்ஸோ ஆட்டோவோ எவ்வளவு நேரம்?

முழுச் சதையை அரைத்ததும் தப்பு. தசையின் ஆக்டினும் பாராமயோசினும் ஜெல்லை அடைத்துக்கொள்ளும். முட்டையும் விந்தும் வேறு சேரும், அப்போது நீங்கள் ஒப்பிடுவது ஆணையும் பெண்ணையும். மேன்டில் (ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டிய சதைப் போர்வை) செங்கல் நிறமாக இருந்தால் பெண், பால் நிறமாக இருந்தால் ஆண், பிரித்து வையுங்கள். செவுளை மட்டும் எடுங்கள், தண்ணீர் ஓயாமல் படுவது அங்கேதான். பாறையிலேயே அறுத்து, கையோடு திரவ நைட்ரஜனில் போடுங்கள்.

அந்தப் பத்துப் புள்ளியில் என்ன வரும் என்று இப்போதே சொல்கிறேன்: எல்லாச் செல்லிலும் ஏராளமாக இருக்கும் ஆக்டின், டியூபுலின், ஈனோலேஸ், ஏ.டி.பி. சிந்தேஸ். கூடவே உங்கள் கையின் கெரட்டின். எந்த ஆராய்ச்சியானாலும் 2டி ஜெல்லில் இதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று 2008-இலேயே ஒரு குழு எண்ணிக் காட்டியது.

பாறைக்காரன்

ஆட்டோவில் இரண்டரை மணி நேரம், அக்கா. 😔 அப்படியானால் ப்ராஜெக்ட்டே போச்சா?

முன்னாள் ஜெல்காரி

போகவில்லை. ஊர்ப் பாறையில் ஒரே அளவுச் சிப்பிகளை ஒரே நாளில் எடுங்கள். இரண்டு வலைக்கூண்டு. ஒன்றை ஊரிலேயே தொங்கவிடுங்கள், மற்றதைத் துறைமுகத்தில், மூன்று வாரம். அப்போது பிறந்த இடம் ஒன்று, வயது ஏறக்குறைய ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு. வெப்பமும் உப்பளவும் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். பருவமழை தொடங்கினால் இரண்டும் தாறுமாறாகும், முட்டையிடும் காலமும் அதுவே, ஆகவே மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பத்துச் சிப்பியை ஒன்றாகக் கலந்து ஒரே சாம்பிள் ஆக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனி.

நான்கு மாதத்தில் ஜெல்லையே நம்ப வேண்டியதில்லை. காட்மியம், செம்பு மேல்தான் சந்தேகம் என்றால் உலோகத்தைப் பிடித்து வைக்கும் மெட்டலோதயோனின் புரதத்தை அளக்கலாம். அது சின்னப் புரதம், சாதாரண ஜெல்லின் அடியில் ஓடிப்போய்விடும். உடம்பு முழுக்க சிஸ்டீன் (கந்தகமுள்ள அமினோ அமிலம்) என்பதால், அந்தக் கந்தகத்தோடு சேர்ந்து மஞ்சளாகும் எல்மன் ரியேஜென்ட் போட்டு 412 நானோமீட்டரில் படித்துவிடலாம். உங்கள் டிபார்ட்மென்ட்டில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்குமே.

பதில்: மிதவை

நான் சிப்பிப் பக்கமே போகாதவன். கடல்நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களின் புரதத்தைப் பார்ப்பதும் உண்டு. பசிபிக் நடுவில் புரோகுளோரோகாக்கஸ் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவில் சில புரதங்களை எண்ணிக்கையாகவே அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். சில இடங்களில் அந்த உயிர் நைட்ரஜனுக்கும் இரும்புக்கும் ஒரே நேரத்தில் ஏங்கியது தெரிந்தது. என்ன தேடுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போனதால் கிடைத்தது அது.

பாறைக்காரன்

மெட்டலோதயோனின், கூண்டு இரண்டையும் கைடிடம் சொன்னேன். கூண்டைத் திருடிக்கொண்டு போய்க் குழம்பு வைத்துவிடுவார்கள் என்கிறார்.

முன்னாள் ஜெல்காரி

என் முதல் கூண்டு அப்படித்தான் போனது. துறைமுகத்தில் வலை பின்னுகிற பெரியவர் யாரையாவது பிடித்து, விஷயத்தைச் சொல்லி, அவர் படகு கட்டும் இடத்திலேயே தொங்கவிடுங்கள்.