ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஆய்விதழ்கள்: உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி
ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி இணைப்புகள் கார்டு நம்பர் கேட்கும் பக்கத்தில்தான் போய் நிற்கும். சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு முறையியலை எப்படி ஊகிப்பது? வேறு வழியில்லாமல் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போட்டேன். அன்று இரவே அனுப்பிவிட்டார். படங்களெல்லாம் கடைசிப் பக்கங்களில் கிடக்கும் வேர்ட் கோப்பு. பிறகு பிரவுசரில், கட்டுரைகளின் இலவசப் பிரதியைத் தேடித் தரும் அன்பேவால் நீட்சியைப் போட்டதும் அதே கட்டுரைக்குப் பச்சைப் பூட்டு எரிந்தது. அவருடைய பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்திலேயே சும்மா கிடந்திருக்கிறது! நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இயற்பியல்காரன்
எங்கள் துறையில் இந்த அல்லாட்டம் கொஞ்சம் குறைவு. 1991-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் தொடங்கியதுதான் இன்றைய ஆர்க்கைவ். இதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகளை இலவசமாகப் போட்டுவைக்கும் தளம். காலையில் கணினியைத் திறந்ததும் அன்றைய புதுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. இதழில் அச்சாவதற்குள் கட்டுரையை எல்லோரும் படித்து, சண்டையும் போட்டு முடித்திருப்பார்கள். இதழ் பயோடேட்டாவுக்கு.

உயிரியல் ஆய்வாளர்
கொடுத்து வைத்தவர்கள்! எங்கள் பக்கம் கதை வேறு. கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது, சந்தோஷம். அடுத்த மின்னஞ்சலில் இன்வாய்ஸ். ஓப்பன் ஆக்சஸ் என்றால் படிப்பவருக்கு இலவசம், எழுதியவருக்குச் செலவு. 2020-இல் நேச்சர் இதழ் ஒரு கட்டுரைக்கு அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. எங்கள் இதழ் அந்த உயரத்தில் இல்லை, ஆனாலும் எங்கள் திட்ட நிதியில் அதற்கென்று ஒரு தலைப்பே கிடையாது. தள்ளுபடி கேட்டேன். கட்டுரை அனுப்பும்போதே கேட்டிருக்க வேண்டுமாம். ஏழை நாடுகளுக்கு முழு விலக்கு, நடுத்தர நாடுகளுக்கு அதிகம் போனால் பாதி. அந்த மீதிப் பாதியை யார் கொடுப்பது? ரிவ்யூ செய்தவர்களுக்கும் இதில் ஒரு காசு போவதில்லை என்பதுதான் எரிச்சல். கடைசியில் சந்தா இதழ் ஒன்றில் போட்டுவிட்டு, ஏற்கப்பட்ட வரைவைக் களஞ்சியத்தில் ஏற்றினேன். 12 மாதம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று நிபந்தனை.

நூலகர்
உயிரியல் ஆய்வாளர் சொல்வதுதான் நிஜ நிலவரம். ஆனால் ஓப்பன் ஆக்சஸ் என்றால் என்ன என்று வரையறுத்த 2002 புடாபெஸ்ட் அறிவிப்பு கேட்டது வாசகருக்குத் தடையில்லாத அணுக்கம். எழுதுபவர் கட்டணம் கட்டியே தீர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பிரேசிலில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய சைலோ என்ற இதழ்த் தளத்தைப் பாருங்கள்: பொதுப்பணத்தில் நடக்கிறது, அதில் உள்ள பல இதழ்கள் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. டைமண்ட் என்று இதைத்தான் சொல்கிறோம். பேச்சு அதிகம், இதற்கு வரும் பணம் குறைவு.

காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பீர்கள். 2013-இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகளோடு எழுதிய ஒரு போலி ஆய்வுக் கட்டுரையை 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஓப்பன் ஆக்சஸே குப்பை என்று சொல்ல இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் சந்தா இதழ்களுக்கு அனுப்பவே இல்லை, பிறகு எதோடு ஒப்பிடுவது? பெரிய ஓப்பன் ஆக்சஸ் இதழான பிளாஸ் ஒன் அதை நிராகரித்தது என்பதையும் யாரும் சொல்வதில்லை. "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத இதழிலிருந்து அழைப்பு வந்தால், ஓப்பன் ஆக்சஸ் இதழ்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

ஆய்வு மாணவி
நன்றி மேடம். களஞ்சியத்தில் ஏற்ற வேண்டிய 'ஏற்கப்பட்ட வரைவு' எது? இதழில் வந்த பிடிஎஃப்பையே போடலாமா?

நூலகர்
ஆசிரியர் பெயரைச் சொல்லி யாரும் பகிரலாம் என்கிற சிசி-பை உரிமத்தில் வந்திருந்தால் தாராளமாகப் போடலாம். சந்தா இதழ் என்றால் பெரும்பாலும் கூடாது. எடுக்கச் சொல்லிக் கடிதம் வரும். ரிவ்யூவர்கள் சொன்ன திருத்தமெல்லாம் சேர்த்து நீங்கள் கடைசியாக அனுப்பி, இதழாசிரியர் சரி என்ற கோப்பு இருக்கிறதே, அதுதான் வேண்டும். ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே அதைத் தனியாக எடுத்து வையுங்கள்மா. இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் யாரிடமும் இருப்பதில்லை.