வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழில்: நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

புதியவன்: மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரவிலும் வார இறுதியிலும் சொந்தமாக ஒரு செயலி எழுதுகிறேன். நிறுவனத்தின் தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போதே சொல்லிவிடவா, காசு வந்தபின் பார்த்துக்கொள்ளவா?

தேனீ: வேலை நேரம் முடிந்தால் அது உங்கள் நேரம். சொந்த லேப்டாப், சொந்த இணையம், அப்புறம் யாரிடம் அனுமதி? போய்ச் சொன்னால், நாளைக்கு எது பிசகினாலும் "கவனம் வேறெங்கோ இருக்கிறது" என்பார்கள்.

கறார்: தேனீ, நேரக் கணக்கு மட்டும் போதாது. பிராட்ஸ் பொம்மை வழக்கைப் பாருங்கள். அதை வரைந்தவர், பார்பி பொம்மை செய்யும் அமெரிக்க நிறுவனமான மேட்டலில் வேலை பார்த்துக்கொண்டே போட்டி நிறுவனத்திடம் கொண்டுபோனார். "பணிக்காலத்தில் எப்போது உருவாக்கினாலும்" நிறுவனத்துக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதில் இரவும் வார இறுதியும் அடங்குமா என்றே பெரிய சண்டை. இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம் என்றது 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

தேனீ: 2011இல் மேட்டல் தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கறார்: மேட்டலை எதிர்த்து அதுவரை வழக்கை நடத்தியது ஒரு பொம்மைக் கம்பெனி. புதியவனால் அத்தனை வருடம் வக்கீல் ஃபீஸ் கட்ட முடியுமா?

தேனீ: சரி, கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், பிரிவு 2870. சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவியோ ரகசியமோ தொடாமல் கண்டுபிடித்ததை நிறுவனம் தன் பெயருக்கு எழுதித்தரச் சொல்ல முடியாது.

கறார்: அதே பிரிவில் விலக்கும் இருக்கிறதே. நிறுவனத்தின் தொழிலோடோ, அது கையில் எடுக்கவிருக்கும் ஆராய்ச்சியோடோ தொடர்பிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்த வருடம் நிறுவனம் எதில் இறங்கும் என்று புதியவனுக்கு எப்படித் தெரியும்? இப்படி ஒரு சட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறதா என்ன?

அல்லி: ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், ஹெச்பி நிறுவனத்தில் வேலையில் இருந்தபோதுதான் ஆப்பிளின் முதல் கணினியான ஆப்பிள் 1ஐ உருவாக்கினார். முதலில் ஹெச்பியிடமே காட்டினார், வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்புறம் நிம்மதியாக விற்றார். (வேலை விசாவில் இருப்பவர்கள் குடிவரவு விதியைத் தனியாகப் பாருங்கள். முதலாளி தலையாட்டினால் மட்டும் போதாது.)

தேனீ: ஹெச்பி "வேண்டும்" என்று சொல்லியிருந்தால்? ஆப்பிளே இல்லை. நான் சொல்வதும் அதைத்தான்.

கறார்: அதனால்தான் பொருளைக் காட்டாதீர்கள் என்கிறேன். இன்ன துறையில், வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தச் செலவில் ஒன்று செய்கிறேன் என்று நாலு வரி மின்னஞ்சல் போதும். பதிலும் எழுத்தில் வரட்டும். காபி குடிக்கும்போது மேனேஜர் சொன்ன "ம், பண்ணுங்க" நாளைக்குச் செல்லாது. வெளித்தொழிலுக்கு முன் அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், மறைத்ததே வேலையை விட்டுத் தூக்கக் காரணமாகிவிடும்.

புதியவன்: பக்கத்து இருக்கை நண்பரையும் கூட்டாளியாகச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன்.

தேனீ: அதை மட்டும் செய்யாதீர்கள். நிறுவனத்தின் ஆளை இழுத்தீர்கள் என்றால் நானே கறார் பக்கம் போய்விடுவேன்.

கறார்: அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்களா? ஆபீஸ் சாட்டிலா?