புதுச்சேரியில் வளரும் வோல்பாக்கியா கொசுக்களை ஊருக்குள் விடலாமா?

கழனிவாசன் எழுதியது:

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குள் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவை ஏற்றி, அந்தக் கொசுக்களையே ஊருக்குள் விட்டு டெங்குவைக் குறைக்கும் முறையைப் பற்றி இந்தக் களத்தில் இதுவரை யாரும் விரிவாகப் பேசவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளைப் பெற்று, நம் ஊர்க் கொசுக்களோடு இனம் சேர்த்து, மெல், ஆல்ப்-பி என்ற இரு வகை வோல்பாக்கியாக்களைத் தாங்கிய கொசுக்களை உருவாக்கிவிட்டதாக 2022 இல் அறிவித்தது. வெளியில் விடுவதற்கு அரசின் ஒப்புதல் தேவை என்றும் அப்போதே சொல்லப்பட்டது. விட வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தப் பாக்டீரியா கொசுவின் செல்லுக்குள் குடியேறிவிட்டால் டெங்கு வைரஸ் அங்கே பெருகுவது கடினமாகிறது. தாய்க்கொசுவின் முட்டை வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. வோல்பாக்கியா உள்ள பெண்ணுக்கோ எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். ஆகவே ஓர் ஊரில் போதிய எண்ணிக்கையில் விட்டுவிட்டால், அதன் பிறகு அது தானாகவே பரவிக்கொள்ளும். 2011 இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரை ஒட்டிய இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் ஏறத்தாழ 3 லட்சம் கொசுக்களை விட்டார்கள். சில மாதங்களிலேயே அங்கிருந்த ஏடிஸ் கொசுக்களில் பெரும்பாலானவை வோல்பாக்கியாவைத் தாங்கியிருந்தன.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவதைப் போலத் தேர்ந்தெடுத்த 12 பகுதிகளில் மட்டும் விட்டு, மற்ற 12 ஐ ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். 2021 இல் வெளியான முடிவின்படி, விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதமும், டெங்குவுக்காக மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைந்திருந்தன. ஆண்டுதோறும் நாம் அடிக்கும் புகை மருந்துக்கு இதைப் போன்ற சோதனை முடிவு ஒன்றை யாராவது காட்டினால் நன்றியுடையவனாவேன்.

செங்கழுநீர் எழுதியது:

கழனிவாசன் ஐயா அவர்களுக்கு வணக்கம். யோக்யகர்த்தா ஆய்வின் தரத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் கொசுவை விடுவது பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் 1975 ஆம் ஆண்டைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமன்று.

உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அமெரிக்கப் பணத்தில், கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டுக்கென்று ஓர் அலகைத் தில்லியில் நடத்தின. அரியானாவின் சோனிபத் நகரில் ஏடிஸ் கொசுக்களை விடுவதற்கு எல்லாம் ஆயத்தமாக இருந்த நிலையில், மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய கொசுவைப் பற்றி, மஞ்சள் காய்ச்சலே இல்லாத நாட்டில், வெளிநாட்டுப் பணத்தில் ஏன் ஆராய வேண்டும் என்ற கேள்வியைப் பத்திரிகைகள் எழுப்பின. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் கடுமையாகக் கேட்டது. உயிரியல் போருக்கான முன்னேற்பாடு என்ற ஐயம் வரை பேச்சுப் போனது. 1975 இல் திட்டமே கைவிடப்பட்டது. அந்த ஐயம் சரியா தவறா என்பது இங்கே என் வாதமன்று. மக்களிடம் முன்கூட்டிச் சொல்லாத அறிவியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கதவுக்கு வெளியே நிறுத்தப்படும் என்பதே என் வாதம்.

இரண்டாவதாக, புகை மருந்து பயன் தரவில்லை என்றால் அடுத்த ஆண்டு நிறுத்திவிடலாம். பாக்டீரியாவை ஊர்க் கொசுக்கள் அனைத்திலும் ஏற்றிய பிறகு அதைத் திரும்பப் பெறுவதற்கு வழி உண்டா? தானாகப் பரவும் என்று தாங்கள் பெருமையாகச் சொல்வதைத்தான் நான் அச்சமாகப் பார்க்கிறேன்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

பெரியவர்கள் பேசுமிடத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொசு என் குழந்தையைக் கடித்தால் பாக்டீரியா குழந்தையின் உடம்புக்குள் போகாதா? இதற்கு நேரடியான பதில் வேண்டும்.

கூட்டுப்புழு எழுதியது:

சகோதரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் பூச்சியியல் ஆய்வகம் ஒன்றில் கொசுக் கூண்டுகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன், புதுச்சேரி மையத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை.

வோல்பாக்கியா பூச்சிகளின் செல்லுக்குள் மட்டுமே வாழக்கூடியது. மற்ற பாக்டீரியாக்களைப் போல அகார் தட்டில் தேய்த்து வளர்த்துப் பார்க்க முடியாது. பூச்சிச் செல்களை வளர்த்து, அவற்றுக்குள்தான் இதைக் காப்பாற்ற வேண்டும். வோல்பாக்கியா கொசுவின் எச்சிலைப் பிரித்து ஆராய்ந்தும், அந்தக் கொசுக்களுக்குத் தொடர்ந்து தம் கையைக் கொடுத்துக் கடிபட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தும், அது மனிதருக்குள் சென்றதற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. அதைவிட எளிய சான்று ஒன்று உண்டு. சாக்கடையில் பெருகி இரவில் நம் காதருகே பாடும் கியூலெக்ஸ் கொசுவில் வோல்பாக்கியா இயற்கையாகவே இருக்கிறது. ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் இந்தப் பாக்டீரியாவை 1924 இல் முதலில் கண்டதும் அந்த இனக் கொசுவில்தான். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம் வீட்டில் எல்லாரும் வோல்பாக்கியா கொசுவிடம் கடிபட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். ஏடிஸ் ஈஜிப்டி இனத்தில் அது இயற்கையில் இல்லாததால்தான் ஊசியால் ஏற்ற வேண்டியிருந்தது.

ஒரு சிறு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். யானைக்கால் நோயைத் தரும் புழுவுக்குள் வேறொரு வகை வோல்பாக்கியா உண்டு. டாக்சிசைக்ளின் மாத்திரையால் அதைக் கொன்றால் புழு மலடாகிறது. ஆக, புழு வழியாக மனித உடலுக்குள் வோல்பாக்கியா வந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் அது புழுவுக்குள் இருக்கும் வகை. கொசுவின் வகை அன்று.

செங்கழுநீர் அவர்கள் சொன்ன தில்லி அலகைப் பற்றி ஒரு துணைச் செய்தி. அங்கே பணியாற்றிய பி.கே. ராஜகோபாலன்தான் அதே 1975 இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி மையத்தின் முதல் இயக்குநரானார். அந்தப் பாடம் அந்த வளாகத்துக்குத் தெரியாதது அன்று.

செங்கழுநீர் எழுதியது:

கூட்டுப்புழு அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. கடியைப் பற்றிய ஐயத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் என் கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிறது. யோக்யகர்த்தாவின் வெயில் வேறு, வேலூரின் வெயில் வேறு. மெல் வகை வோல்பாக்கியா வெப்பத்தைத் தாங்காது என்று 2017 இலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்; கொசுப்புழுக்கள் வளரும் நீரின் வெப்பம் பகலில் 37 டிகிரி வரை ஏறி இறங்கும்படி வைத்தால், வளர்ந்த கொசுவின் உடம்பில் பாக்டீரியாவின் அளவு வெகுவாகக் குறைந்துபோகிறது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி நீர் எத்தனை டிகிரி இருக்கும் என்பதைக் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலை விட்டுவிட்டாலும் பிரேசில் இருக்கிறது. ரியோ டி ஜெனிரோவில் டுபியகாங்கா என்ற பகுதியில் முதன்முறை விட்டபோது வோல்பாக்கியா கொசுக்களின் பங்கு பாதிக்கு மேல் ஏறி, விடுவதை நிறுத்தியவுடன் சரிந்துவிட்டது. காரணம், ஊர்க் கொசுக்களிடம் பூச்சிமருந்துக்கு எதிர்ப்புத்திறன் இருந்தது, ஆய்வகக் கொசுக்களிடம் அது இல்லை. நம் ஊரில் மழைக்காலம் முழுவதும் தெருத்தெருவாகப் புகை அடிக்கிறோம். ஒரு துறை கொசுவை விடும், இன்னொரு துறை அதைக் கொல்லும் என்ற நிலைதான் வரும்.

கூட்டுப்புழு எழுதியது:

இரண்டும் சரியான எதிர்வாதங்கள். மூன்றாவதாக ஒன்றை நானே தருகிறேன்: ஏடிஸ் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக் கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டவுடன் பொரிக்கும். வோல்பாக்கியா ஏற்றிய முட்டைகள் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. கோடைக்குப் பிறகு முதல் மழையில் பொரிப்பவற்றில் ஊர்க் கொசுவின் கை ஓங்கியிருக்க வாய்ப்புண்டு.

ஆனால் டுபியகாங்காவின் கதை அங்கேயே முடியவில்லை. ஊர்க் கொசுக்களோடு தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து, எதிர்ப்புத்திறனை வோல்பாக்கியா கொசுவுக்கும் கொண்டுவந்து மறுபடி விட்டபோது அது நிலைத்தது. வெப்பத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆல்ப்-பி வகை வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறது. அதைத்தான் மலேசியாவில் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள பகுதிகளில் விட்டு, டெங்குவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தார்கள். புதுச்சேரியில் இரண்டு வகைகளையும் வளர்ப்பது அந்த வகையில் நல்ல செய்தி.

ஆய்வகத்தில் இதை எப்படிக் கண்காணிக்கிறோம் என்பதைச் சொன்னால் பேச்சு தெளிவாகும். கூண்டுக்குள் வெல்ல நீரில் நனைத்த பஞ்சு தொங்கும். பெண் கொசுக்களுக்கு மட்டும் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய இரத்தத்தை மெல்லிய சவ்வின் அடியில் தருவோம். முட்டையிட ஈரமான வடிதாள் விளிம்புள்ள கிண்ணம். மறுநாள் காலையில் அந்தத் தாளில் கரித்தூள் தூவியதுபோல முட்டைகள் ஒட்டியிருக்கும். அந்தக் கூண்டிலிருந்து சில கொசுக்களை எடுத்து நசுக்கி, கொரோனாக் காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர். சோதனையில் வோல்பாக்கியாவின் மரபணுவைத் தேடுவோம். ஊருக்குள் விட்ட பிறகும் இதையேதான் செய்ய வேண்டும்: பொறி வைத்துப் பிடித்து, நூற்றுக்கு எத்தனை என்று எண்ணுவது. 2018 நவம்பரில் கெய்ன்ஸில் கடும் வெப்ப அலை வீசியபோது அந்த எண் சற்று இறங்கி, சில மாதங்களில் மீண்டும் ஏறியதும் இப்படி எண்ணிக்கொண்டிருந்ததால்தான் தெரியவந்தது. விட்டுவிட்டுப் போய்விடும் திட்டமாக இருந்தால் நானும் செங்கழுநீர் அவர்களின் பக்கம்தான்.

வன்னிமகள் எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே சில பகுதிகளில் 2020 இல் வோல்பாக்கியா நுளம்புகளை விட்டார்கள். இந்தியாவில் விடலாமா என்பதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் ஏதோ லொறியில் கொண்டுவந்து கொட்டுவதுபோல எழுதுகிறீர்கள். யோக்யகர்த்தாவில் ஒரு மூடி போட்ட சிறிய வாளிக்குள் தண்ணீரும் முட்டையும் தீனியும் வைத்து, வீட்டு வளவுக்குள் நிழலான இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமைக்கொருமுறை வந்து மாற்றினார்கள். அதாவது வீட்டுக்காரர் இடம் தராவிட்டால் திட்டம் நகராது. சம்மதம் என்பது அங்கே ஒரு படிவமல்ல, வாளி.

செங்கழுநீர் எழுதியது:

வன்னிமகள் அவர்கள் சொன்னது எனக்குப் புதிது; இதை நான் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆயினும் ஒரு மாற்று இருக்கும்போது ஏன் திரும்பப் பெற முடியாத வழியில் போக வேண்டும்? சிங்கப்பூரில் வோல்பாக்கியா ஏற்றிய ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறார்கள். ஆண் கடிப்பதில்லை, ஊர்ப் பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிப்பதில்லை, நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்திவிடலாம். பர்மாவின் ஓக்போ கிராமத்தில் 1967 இல் லாவன் என்ற ஜெர்மானியர் செய்ததும் இதே உத்திதான். கியூலெக்ஸ் கொசுவின் ஆண்களை மட்டும் விட்டு ஒரு கிராமத்தில் அந்த இனத்தையே ஒழித்துக் காட்டினார். அதற்குப் பின்னால் இருப்பது இந்தப் பாக்டீரியா என்பது தெரிந்தது 1971 இல்தான் என்பது வேடிக்கை.

கழனிவாசன் எழுதியது:

ஓக்போ ஒரு சிறு கிராமம், சிங்கப்பூர் பணமுள்ள நகரம். ஆண்களை மட்டும் விடுவதென்றால், கூட்டுப்புழுப் பருவத்திலேயே சிறியவற்றை ஆண், பெரியவற்றைப் பெண் என்று இயந்திரத்தில் சலித்துப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் நிதி வராவிட்டால் பக்கத்துத் தெருக் கொசு வந்து இடத்தை நிரப்பிவிடும். திரும்பப் பெற முடியும் என்பதன் மறுபக்கம், ஒருநாளும் நிறுத்த முடியாது என்பது. தொட்டி நீரில் கொசுப்புழுவைக் கொல்ல ஊற்றும் அபேட் மருந்துக்கே ஆள் வராத நகராட்சிகளில் அது நடக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வெப்பம், காய்ந்த முட்டை, எதிர்ப்புத்திறன் ஆகிய மூன்றையும் நான் தொடக்கப் பதிவில் எழுதாமல் விட்டது என் தவறு. விட வேண்டும் என்பதை, ஆல்ப்-பி வகையை ஒரே ஒரு நகரத்தில், ஒப்பீட்டுப் பகுதிகளோடு விட வேண்டும் என்று மாற்றிக்கொள்கிறேன்.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளி வைக்க இடமிருக்கிறது; இவ்வளவையும் படித்த பிறகு நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாளி வைத்த அதே வாரத்தில் எங்கள் தெருவுக்குப் புகை மருந்து வண்டி வந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கூட்டுப்புழு எழுதியது:

சகோதரி, இன்றைய நிலையில் அப்படிச் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. விடுவதற்கு முன்பே அந்த நகரத்துக் கொசுக்களைப் பிடித்து, புகையில் பயன்படும் மருந்துக்கு எத்தனை தப்பிக்கின்றன என்று சோதித்து, வாளிக் கொசுவும் அதே அளவு தப்பிக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனை முடிவை வார்டு வாரியாகக் கேளுங்கள். அதைத் தர மறுத்தால் வாளியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.