கோடை விடுமுறை: பாலம் உள்ள தீவா, படகு போகும் தீவா?

குழு: நெடுந்தீவுக் குடும்பம்

ஞாயிறு

நான், 19:42
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் ஹம்பேர்க்கிலும் பிரேமனிலும் பள்ளிக்கூட விடுமுறை ஒன்றாக வருகிறது. இந்த முறை விமானம் வேண்டாம். போன வருடம் போல விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து துவாய் விரித்து இடம் பிடிக்கும் கடற்கரையும் வேண்டாம். ஜேர்மனியின் பால்டிக் கடற்கரையில் ஒரு தீவுக்குப் போய் ஏழு நாள் சும்மா இருப்போம். ஃபேமார்ன், ஹிடன்சே என்று இரண்டு தீவுகள் என் மனதில் இருக்கின்றன. எது வேண்டும் என்று சொல்லுங்கள்.

மாமா, 19:44
ஃபேமார்ன். கதை முடிந்தது. வீட்டு வாசலில் காரில் ஏறினால் தீவில்தான் இறங்குவேன். 1963இல் பாலம் கட்டி வைத்தது எதற்காக?

தம்பி, 19:46
அந்தப் பாலத்துக்கு உடுப்புக் கொழுவி என்று பட்டப்பெயர் மாமா. தூரத்தில் இருந்து பார்த்தால் அப்படியே இருக்கும். காற்று பலமாக அடித்தால் வெறும் லொறியையும் கரவனையும் ஏறவே விடமாட்டார்கள்.

மாமா, 19:47
என்னிடம் கரவன் இல்லை. என் கார் வெறுமையாகவும் போகாது, உன் மாமி சமையலறையையே ஏற்றிவிடுவாள். இன்னொன்று: கிற்றார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் கடைசிப் பெரிய கச்சேரியை நடத்திய திருவிழா நடந்த தீவு அது. 1970 செப்டம்பர் 6. பன்னிரண்டு நாளில் லண்டனில் இறந்துபோனார். அங்கே நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

மாமி, 19:49
காற்றும் மழையும் அந்தக் கச்சேரியையே குழப்பிவிட்டன என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மாமா, 19:49
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 19:55
எனக்கு எங்கே என்றாலும் சரி. அம்மாவின் முழங்காலை யோசித்து முடிவு செய்யுங்கள்.

அம்மம்மா, 20:03
என் முழங்காலை நான் யோசித்துக்கொள்வேன். ஹிடன்சே என்பது எது? எப்படிப் போவது? தம்பி, நீ போன வருடம் போனாய் அல்லவா, ஒழுங்காக எழுது. பாதி வசனத்தில் விடாதே.

தம்பி, 20:21
சரி அம்மம்மா, ஒழுங்காகவே எழுதுகிறேன். ரூகன் என்ற பெரிய தீவுக்கு மேற்கே ஒரு கோடு கிழித்தது போல் கிடக்கிறது ஹிடன்சே. நீளம் கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர். ஒடுங்கிய இடத்தில் அகலம் 250 மீற்றர்தான், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் போடன் என்று சொல்லும் ஆழமில்லாத களப்பு. ஊர்கள் நான்கு: க்ரீபன், க்ளோஸ்டர், ஃபிட்டே, நொயன்டோர்ஃப். தீவு முழுவதிலும் ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். தனியார் கார் கிடையாது. டொக்டருக்கும் தீயணைப்புப் படைக்கும் வாகனம் உண்டு, ஒரு சின்ன பஸ் ஓடுகிறது. மற்றபடி சைக்கிள், குதிரை வண்டி, கால். ரூகனில் ஷப்ரோடே என்ற இடத்தில் காரை விட்டுவிட்டுப் படகு ஏற வேண்டும். எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து அரை மணியோ முக்கால் மணியோ ஆகும். ஸ்ட்ரால்சுண்ட் நகரத்தில் இருந்தும் படகு உண்டு, ஆனால் அது நீண்ட பயணம்.

மாமா, 20:23
காரை விட்டுவிட்டா? பெட்டிகளை யார் சுமப்பது?

தம்பி, 20:24
துறைமுகத்தில் கைவண்டிகள் நிற்கும் மாமா. நான்கு சில்லு. நீங்கள் இழுங்கள், சின்னவள் மேலே ஏறி இருப்பாள்.

அம்மம்மா, 20:31
படகில் இருந்து இறங்குவது படியா, பலகையா?

தம்பி, 20:32
நான் போனபோது பலகைதான் போட்டார்கள். பக்கத்தில் கைப்பிடி இருந்தது.

அம்மம்மா, 20:33
அப்படியென்றால் சரி. குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குக் குமுதினிப் படகில் போய்வந்தவளுக்குக் கைப்பிடியே அதிகம். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கும்?

தம்பி, 20:35
பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கு. நீண்ட மணற்கரை மேற்கே பார்த்தபடி இருப்பதால் நேரே முகத்தில் அடிக்கும்.

அம்மம்மா, 20:36
கச்சான் காற்று. அப்படிச் சொல்.

மாமா, 20:37
அம்மா, கச்சான் என்றால் எனக்கு வறுத்த கச்சான் கடலைதான் ஞாபகம் வருகிறது.

அம்மம்மா, 20:38
நீ பிரேமனுக்கு வந்து முப்பது வருடமாகிறது, அதனால்தான். கச்சான் கரைக்குத் தள்ளும் காற்று. பிள்ளைகள் குளிக்கலாம், அலை மட்டும் கொஞ்சம் அடிக்கும். கிழக்கால் அடிக்கும் நாளில்தான் கவனம் வேண்டும். கடல் குளம் போலக் கிடக்கும், ஆனால் மிதக்கிற எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விடும்.

தம்பி, 20:41
அம்மம்மா சொல்வது முழுக்க உண்மை. இன்னொன்றும் நடக்கும். காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ளியதும் அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்துவிடும். முதல் நாள் 19 பாகையில் குளித்துவிட்டு அடுத்த நாள் தண்ணீரில் கால் வைத்ததும் துள்ளிக் கரைக்கு ஓடி வந்தவன் நான். வெயில் அதேபோலத்தான் எரித்துக்கொண்டிருந்தது.

நான், 20:44
காற்றடைத்த மிதவை எதுவும் இந்தப் பயணத்தில் இல்லை. மாமா, உங்களைத்தான் சொல்கிறேன். அந்த இளஞ்சிவப்பு அன்னம்.

மாமா, 20:45
அது பிள்ளைகளுடையது.

மாமி, 20:45
அதில் ஏறிப் படுத்துக் கிடந்தது எந்தப் பிள்ளை?

திங்கள்

மாமா, 07:12
இரவு முழுவதும் யோசித்தேன். காற்று கூடினால் படகே ஓடாமல் விட்டால்? செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை.

தம்பி, 07:40
அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணம் இல்லை. பால்டிக் கடலில் வற்றுப்பெருக்கு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, தண்ணீரை ஏற்றி இறக்குவது காற்றுதான். தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீரைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். போடனில் தண்ணீர் இறங்கும், படகு தரை தட்டும் என்று நிறுத்திவிடுவார்கள். வடகிழக்கால் புயல் அடித்தால் அதே தண்ணீர் திரும்பி வந்து கரையில் ஏறும். 2023 ஒக்டோபரில் அப்படித்தான் வந்து கரையோரம் எல்லாம் உடைத்தது. ஆகஸ்டில் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் திரும்பும் நாளுக்கு அடுத்த நாளும் லீவு போட்டு வையுங்கள்.

அம்மம்மா, 07:52
தீவுக்குப் போகிறவன் திரும்பும் நாளை எழுதி வைக்கக் கூடாது. அப்பா எப்போதும் ஒரு நாள் அரிசி கூடக் கட்டச் சொல்வார்.

மாமா, 07:55
என் மேலதிகாரிக்கு இதை ஜேர்மன் மொழியில் யார் எழுதிக் கொடுப்பது?

அம்மா, 12:20
அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஏழு நாளும் மணலையா பார்ப்பது?

நான், 12:34
க்ளோஸ்டருக்கு மேலே டோர்ன்புஷ் என்ற மேட்டில் ஒரு வெளிச்சவீடு இருக்கிறது அம்மா. 28 மீற்றர் உயரம், 102 படி. காற்று, அதன் பலத்தை அளக்கும் அளவுகோலில் ஆறாம் எண்ணுக்கு ஏறினால் பூட்டிவிடுவார்கள், யாரையும் மேலே விடமாட்டார்கள். அதாவது மணிக்கு 40 கிலோமீற்றர் அளவு. ஆகவே காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே போய்விட வேண்டும். கெர்ஹார்ட் ஹவுப்ட்மன் என்ற நாடக ஆசிரியர் கோடையில் தங்கிய வீடு க்ளோஸ்டரில் இருக்கிறது. 1912இல் நோபெல் பரிசு பெற்றவர். அவருடைய கல்லறையும் அதே ஊரில்தான்.

அம்மம்மா, 12:41
தாகூருக்கு முந்தைய ஆண்டு. அந்த வீட்டுக்கு நான் வருகிறேன். வெளிச்சவீட்டுக்கு நீங்கள் போங்கள், நான் கீழே புல்லில் இருந்து கைகாட்டுவேன்.

தம்பி, 12:50
மாமிக்கு ஒரு செய்தி. 1872 நவம்பரில் அந்தக் கரையில் ஒரு பெரிய புயல் வெள்ளம் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் ஹிடன்சேயில் வைக்கிங் காலத்துத் தங்க நகைகள் கிடைத்தன. 16 உருப்படி, ஏறத்தாழ 600 கிராம். பத்தாம் நூற்றாண்டு வேலைப்பாடு.

மாமி, 12:51
600 கிராமா? 75 பவுன்!

மாமி, 12:52
நான் ஹிடன்சே.

மாமா, 12:53
அது ஸ்ட்ரால்சுண்ட் அருங்காட்சியகத்துக்குப் போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதுவும் சுரங்கம் இல்லை, நீ தோண்ட.

மாமி, 12:53
பார்க்கவாவது விடுவார்களே. பக்கத்தில் மனிதன் போட்டிருக்கும் மோதிரத்தைவிட நன்றாக இருக்கும்.

நான், 13:10
பிள்ளைகள் அம்பர் பொறுக்கக் கேட்கிறார்கள். பெர்ன்ஸ்டைன், அதுதான் மரப்பிசின் கல்லானது. புயல் அடித்த மறுநாள் கரையில் ஒதுங்கும் கடற்பாசிக்குள் தேடினால் கிடைக்கும் என்கிறார்கள்.

தம்பி, 13:18
தேடலாம் அக்கா, ஆனால் ஒரு கட்டுப்பாடு. எடுத்ததைச் சட்டைப் பையில் போடக் கூடாது. ஊசெடோம் தீவில் உள்ள பேனெமுண்டே மீது 1943இல் குண்டு போட்டார்கள். அதில் இருந்த வெள்ளைப் பொஸ்பரஸ் இன்றைக்கும் கட்டி கட்டியாகக் கரை ஒதுங்குகிறது. பார்க்க அம்பர் போலவே மஞ்சளாக இருக்கும். ஈரம் காய்ந்து உடற்சூடு பட்டதும் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் காய்ந்தவுடன் மறுபடி எரியும். ஹிடன்சே அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் மூடியுள்ள தகரப்பேணி ஒன்று கொண்டு வாருங்கள்.

அம்மா, 13:20
எங்கே போனாலும் குண்டு முதலே போய்விடுகிறது.

அம்மம்மா, 13:26
பிஸ்கட் பேணி என்னிடம் இருக்கிறது. ஊசி நூலை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

செவ்வாய்

மாமா, 21:03
சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மீன்?

தம்பி, 21:05
ஹெரிங், தட்டை மீன் இரண்டும் கிடைக்கும். துறைமுகத்தில் புகையில் வாட்டிய மீனைப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். மே மாதம் போயிருந்தால் ஹோர்ன்ஃபிஷ் வரும். நீளமாக, ஊசி வாயோடு, முள் எல்லாம் பச்சை நிறத்தில்.

அம்மம்மா, 21:07
முரல்! நம்முடைய முரலுக்கும் பச்சை முள்தான். வைகாசியில் போகலாமே?

நான், 21:08
பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அம்மம்மா.

அம்மம்மா, 21:09
நான் முப்பத்தொரு வருடம் படிப்பித்தவள். ஒரு வாரத்தில் ஒன்றும் குறையாது. சரி, ஆகஸ்டில் கிடைப்பதைச் சாப்பிடுவோம். ஹெரிங்குக்குப் பழப்புளி கூடப் போட வேண்டும். அந்தக் கடலில் உப்பு எப்படி?

தம்பி, 21:11
பெருங்கடலில் 3.5 சதவீதம் என்றால் அங்கே ஒரு சதவீதத்துக்கும் கீழே.

மாமி, 21:12
அப்படியென்றால் உப்புப் போட மறந்த சொதி.

மாமா, 21:14
அரிசி அவிக்கும் பாத்திரம், கறித்தூள், தேங்காய்ப்பால் பேணி எல்லாம் கைவண்டியில் ஏறுமா என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா? நாளுக்கு இவ்வளவு என்று தங்கும் வரி வேறு கேட்கிறார்கள். காற்று வாங்கப் போனாலும் காசு!

அம்மா, 21:15
அப்போ நீயும் வருகிறாய் என்று எழுதிக்கொள்ளட்டுமா?

மாமா, 21:21
ஹெண்ட்ரிக்ஸ் அடுத்த வருடம்.

வெள்ளி

நான், 18:30
வீடு கிடைத்துவிட்டது. ஃபிட்டேயில், தீவின் நடுவில். அதுதான் அங்கே பெரிய ஊர். படிக்கட்டு இல்லாத கீழ்வீடு, அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் வாசல் பக்க அறை. கடற்கரையில் ஏழு நாளுக்கும் கூடைக் கதிரை ஒன்று வாடகைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அம்மம்மா, 18:36
கூடைக் கதிரை என்றால்?

நான், 18:41
[படம்] பாருங்கள் அம்மம்மா. இரண்டு பேர் உட்காரலாம். முதுகும் இரண்டு பக்கமும் கூரையும் பின்னல் வேலை, கால் நீட்டக் கீழே ஓர் இழுப்புப் பலகை. 1882இல் றொஸ்டொக்கில் பார்டெல்மன் என்ற கூடை பின்னுபவரிடம் வாதநோய் உள்ள ஒரு பெண்மணி வந்து, கடற்காற்றுப் படாமல் மணலில் இருக்க ஒரு கதிரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் இது பிறந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பி வைத்துவிட்டால் உள்ளே தேத்தண்ணீர் ஆறாது.

அம்மம்மா, 18:52
கேட்டவளும் வாதக்காரி. நல்லது. ஆனால் காற்றுக்கு முதுகைக் காட்டினால் கச்சான் அடிக்கும் நாளில் கடலுக்கும் முதுகைக் காட்ட வேண்டுமே?

தம்பி, 18:53
ஐயோ, உண்மைதான். யாரும் யோசிக்கவில்லை.

அம்மம்மா, 18:55
அரைவாசி திருப்பி வையுங்கள். ஒரு கண்ணுக்குக் கடல், ஒரு காதுக்குக் காற்று. இப்போது பட்டியல் சொல்கிறேன், பிள்ளை, எழுதிக்கொள். சேலைக்கு ஊசி இரண்டு அட்டை. காதை மூடுகிற தொப்பி எல்லோருக்கும், ஆகஸ்ட் என்று பார்க்காதே. உடுப்புக் கொடிக்குக் கிளிப் ஐம்பது, மரக்கிளிப் வேண்டாம், பிடி இறுக்கமானதாக வாங்கு. பழப்புளி. ஒரு நாள் அரிசி கூட.

நான், 18:57
எழுதிவிட்டேன் அம்மம்மா.

மாமா, 19:02
அன்னத்துக்கு நீளமான கயிறு ஒன்று கட்டிக் கொண்டு வந்தால்?

அம்மம்மா, 19:04
கொண்டு வா. மற்ற நுனியை உன் மனைவி பிடித்துக்கொள்ளட்டும்.

மாமி, 19:04
கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் கையை விட்டுவிடுவேன் மாமி.

மாமா குழுவின் பெயரை "நெடுந்தீவுக் குடும்பம், ஹிடன்சே கிளை" என மாற்றினார்

அம்மம்மா, 19:09
குடும்பம் என்பதற்கு முன்னால் க் வர வேண்டும், சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆச்சரியம்.