மறு: ‘ரீடெய்ன் சைக்கிள்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் மொபைல் செயலி எழுதப் பழகும் பாலிடெக்னிக் மாணவர்களுக்காகத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். நினைவக மேலாண்மைக்கு வந்ததும் ‘ரீடெய்ன் சைக்கிள்’ என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. ஐபோன் செயலியில் சில பொருள்கள் (ஆப்ஜெக்ட்கள்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தேவை தீர்ந்த பிறகும் நினைவகத்தை விடாமல் கிடப்பதுதான் அது. இதுவரை இங்கே வந்த பரிந்துரைகள் ‘நினைவகக் கசிவு’, ‘தக்கவைப்புச் சுழற்சி’. இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கசிவு என்பது விளைவு: தேவை தீர்ந்த நினைவகம் திரும்பக் கிடைக்காமல் போவது. அதற்குக் காரணங்கள் பல. ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குப்பை சேகரிப்பான் (வேண்டாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் பகுதி) வேர்களிலிருந்து, அதாவது ஓடும் நிரல் நேரடியாகச் சுட்டும் இடங்களிலிருந்து, கிளம்பி, எட்ட முடிந்த பொருள்களை மட்டும் விட்டுவைக்கும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தாலும், வெளியிலிருந்து யாரும் அவற்றைச் சுட்டவில்லை என்றால் இரண்டையும் சேர்த்தே அள்ளிவிடும். ஆண்ட்ராய்டில் கசிவு வருவது வேறு வழியில். போனைக் குறுக்காகத் திருப்பினால் பழைய ஆக்டிவிட்டி (செயலியின் ஒரு திரை) அழிந்து புதியது உருவாவதுதான் வழக்கம். பழையதை, செயலி ஓடும்வரை அழியாத ஸ்டாட்டிக் மாறி ஒன்று பிடித்திருந்தால் அந்தத் திரை தன் படங்களோடு அப்படியே தங்கிவிடும். மாம்பழ மண்டிக்கு வரும் லோடுகளைப் படமெடுத்துப் பட்டியலிடும் செயலிதான் எங்கள் பயிற்சி. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு 4 பைட் வீதம், விரிந்தால் 48 எம்பி பிடிக்கும். இப்படி நாலைந்து தங்கினால் விலை குறைந்த போன் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஐபோனில் கதையே வேறு. 2011இல் ஏஆர்சி (பிடிப்புகளைத் தானாக எண்ணும் முறை) வந்த பிறகு ரீடெய்ன் (பிடி), ரிலீஸ் (விடு) அழைப்புகளைக் கம்பைலரே செருகிவிடுகிறது. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை பூச்சியமானால் அது விடுவிக்கப்படும். ‘அ’ ‘ஆ’வைப் பிடித்து, ‘ஆ’ ‘அ’வைப் பிடித்தால் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றுக்குக் கீழே இறங்காது. செயலி மூடும்வரை இரண்டும் கிடக்கும். ஒரு பொருள் தன்னிடம் சேமித்து வைத்த குளோஷருக்குள் (பிறகு ஓட்டுவதற்கான கோடுத் துண்டு) தன்னையே குறிக்கும் ‘செல்ஃப்’ என்று எழுதினாலும் இதே நிலைதான். எனக்குப் பெயர் வேண்டியது இதற்கு. ‘சுழற்சி’ என்றதும் மாணவர்கள் லூப் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே எதுவும் சுற்றவில்லை. பிடி விடாமல் நிற்கின்றன, அவ்வளவுதான்.

அதனால் ‘பிடி’ என்ற வினையிலிருந்தே தொடங்கினேன். பொருளைப் பிடித்துவைக்கும் ஸ்ட்ராங் ரெஃபரன்ஸ் என்பதற்குப் பிடிச்சுட்டு, பிடிக்காத வீக் என்பதற்குப் பிடியாச்சுட்டு, எண்ணிக்கைக்குப் பிடியெண். ‘வலுவற்ற சுட்டு’ வேண்டாம் என்கிறேன். அந்தச் சுட்டு தன் பொருளைச் சரியாகவே காட்டுகிறது, பிடித்துவைப்பதில்லை என்பதுதான் வேறுபாடு. சைக்கிளுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து

———

தம்பி, ‘பிடிச்சுட்டு’ என்று எழுதாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ‘பிடிசுட்டு’ என்றே வர வேண்டும். ச் போட்டால் பேச்சு வழக்கில் ‘பிடித்துவிட்டு’ என்று ஆகிவிடும். பிடியாச்சுட்டு சரி. அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அங்கே மிகும்.

நீங்கள் தேடும் சொல் களத்து மேட்டில் இருக்கிறது: பிணையல். கதிரைப் போரடிக்க மாடுகளை ஒன்றோடொன்று கழுத்தில் கட்டி ஓட்டுவது. அதில் எந்த மாடும் தனியாக விலகிப் போக முடியாது. இரண்டையும் கட்டலாம், நாலையும் கட்டலாம். இப்போது எங்கள் பக்கம் ராகியை ரோட்டில் பரப்பி வண்டிகளை ஏறவிடுகிறார்கள், பிணையல் பார்த்த பிள்ளைகள் குறைவு. ஆனாலும் ‘பிணை’ தெரியாத பிள்ளை இல்லை.

அரூரிலிருந்து

———

ஐயா, மிக்க நன்றி. பிடிசுட்டு என்றே மாற்றிவிட்டேன்.

பிணையலை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “டெலிகேட்டைப் பிடியாச்சுட்டாக அறிவித்தால் பிணையல் அவிழும்.” (டெலிகேட் என்பது ஒரு பொருள் தன் வேலையை ஒப்படைக்கும் இன்னொரு பொருள்.) வினையும் கூடவே வந்துவிட்டது, ‘பிரேக்’ என்பதற்கு ‘உடை’ என்று தனியாக ஒரு வினை தேட வேண்டியதில்லை. மூன்று, நான்கு பொருள்கள் மாட்டிக்கொள்ளும் நிலைக்கும் பொருந்துகிறது. பைண்டிங் என்பதற்குப் ‘பிணைப்பு’ என்று எழுதுவோர் உண்டு, அதோடு குழம்புமோ என்று யோசித்தேன். ஈறு வேறாக இருப்பதால் தாங்கும் என்றே தோன்றுகிறது. கசிவு என்ற சொல்லும் இருக்கட்டும், பொதுப்பெயராக. பிணையல் அதன் காரணங்களில் ஒன்று. ஆண்ட்ராய்டுப் பாடத்தில் இந்தச் சொல்லைச் சேர்க்கப் போவதில்லை.

இன்னும் ஒன்று மிச்சம். ஐபோன் செயலிகள் எழுதும் ஸ்விஃப்ட் மொழியில் ‘அன்ஓன்ட்’ என்று ஒரு சுட்டு வகை இருக்கிறது. அதுவும் பிடிப்பதில்லை. ஆனால் பொருள் போய்விட்டால் வீக் தானாகவே ‘நில்’ (வெற்று) ஆகிவிடும், இது ஆகாது. தொட்டால் செயலி அங்கேயே விழும். பொருள் இருக்கும் என்று நம்பி எழுதுவது என்பதால் ‘நம்புசுட்டு’ என்று வைக்கலாமா? ஐயா புணர்ச்சியைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்விஃப்டில் எழுதுபவர்கள், ஓசூரில் இருக்கும் நண்பர்கள் முக்கியமாக, இந்தச் சொல் கோடில் குறிப்பு எழுதும்போது கைக்கு வருகிறதா என்று பாருங்கள். அடுத்த வாரம் குறிப்பை நகல் எடுக்கக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள்.