நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலநடுக்கத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பெரம்பூர் டீச்சர்:
வணக்கம். தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். 2025 மார்ச்சில் மியான்மரில் நிலநடுக்கம் வந்தபோது பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் சரிந்ததே, அந்த வீடியோவை ஒரு பையன் வீட்டு போனில் பார்த்துவிட்டு வந்து வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். "மிஸ், நம்ம ஸ்கூலும் விழுந்துடுமா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரு குழந்தை மாடி ஏறவே தயங்குகிறாள். "அதெல்லாம் இங்கே வராது, புத்தகத்தை எடு" என்று முடித்துவிட மனசு வரவில்லை. பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் எப்படி நடத்துவது? கீழ் வகுப்புப் பிள்ளைகள் தரையில்தான் உட்காருகிறார்கள், மேசைக்கு அடியில் போ என்றால் எங்கே போவார்கள்?

பழைய அறிவியல் வாத்தியார்:
வராது என்று மட்டும் சொல்லாதீர்கள் டீச்சர். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் 5.5 அளவில் வந்தது, சென்னையிலும் நன்றாகவே உணர்ந்தார்கள். 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ரா பக்கம் 8.6, இங்கே ஆபீஸ்களிலிருந்து ஜனங்கள் இறங்கித் தெருவில் நின்றார்கள். 2002ல் வந்த நிலநடுக்க அபாய வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினார்கள், அதாவது மிதமான ஆபத்து. "இங்கேயும் ஆடலாம், ஆனால் இமயமலைப் பக்கம் போல அடிக்கடி ஆடாது, ஆடினால் என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்" என்று சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

காரணம் சொல்ல நிறைய வேண்டாம். நாம் நிற்கும் இந்தியத் தட்டு, அதாவது நாட்டையே சுமக்கும் பெரிய பாறைப் பலகை, வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கே நகர்கிறது, கிட்டத்தட்ட விரல் நகம் வளரும் வேகம். ஓரங்களில் பாறை சிக்கிக்கொண்டு, அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, ஒருநாள் சட்டென்று விடுபடும்போது அதிர்கிறது. இந்த வயசுக்கு இது போதும்.

அந்த அதிர்வு நிலத்துக்குள் அலையாகப் பரவுவதை மட்டும் செய்தே காட்டுங்கள். பத்துப் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, முன்னால் நிற்பவர் தோளில் கை நீட்டி வைக்கச் சொல்லுங்கள், முழங்கை மடங்கக்கூடாது. கடைசிப் பிள்ளையை மெதுவாக முன்னே தள்ளினால் அந்தத் தள்ளல் தோள் தோளாகக் கடந்து முதல் பிள்ளை வரைக்கும் போகும், ஆனால் யாரும் நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். அது முதலில் வரும் அலை. அடுத்து கடைசிப் பிள்ளையைப் பக்கவாட்டில் அசையுங்கள், வரிசையே இடமும் வலமுமாக நெளியும். இது பின்னால் வரும், ஆனால் கட்டடத்தை அதிகம் ஆட்டுவது இதுதான். கடைசி இடத்துக்குச் சண்டை வரும், முறை வைத்து விடுங்கள்.

சைட் இன்ஜினியர், அண்ணா நகர்:
தரையில் உட்காரும் வகுப்பு என்றால் ஜன்னலையும் பீரோவையும் விட்டு விலகி, உள்சுவர் ஓரமாக முழங்காலிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் தலையையும் பின்கழுத்தையும் மூடிக்கொள்ளணும். பெஞ்ச் இருந்தால் அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளணும். ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடவே கூடாது, நின்ற பிறகுதான் வரிசையாக மைதானத்துக்கு. இதைச் சொல்லி விட்டுவிடாமல் செய்ய வைத்துப் பழக்குங்கள்.

அதற்கு முன்னால் வகுப்பறையை ஒரு சுற்றுப் பாருங்கள் மேடம். பீரோ மேல் அடுக்கிய பழைய நோட்டுக் கட்டு, தகர டிரங்குப் பெட்டி, கரும்பலகைக்கு மேல் ஒற்றை ஆணியில் தொங்கும் கண்ணாடிச் சட்டம் போட்ட தலைவர் படங்கள். "ஆடினால் எது விழும்?" என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், நமக்குத் தோன்றாததை எல்லாம் காட்டுவார்கள். அவர்கள் கண்ணெதிரே அதையெல்லாம் இறக்கி, பீரோவை எல் கிளாம்ப் (L வடிவ இரும்புப் பட்டை) போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். மாடி ஏறப் பயப்படும் அந்தக் குழந்தையைக் கட்டாயம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டினப்பாக்கம் அம்மா:
யாரும் கடலைப் பற்றிப் பேசவில்லையே. 2004 டிசம்பர் 26 நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் ஆடியது, சுனாமி அலை மெரினாவுக்கு வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது, அவ்வளவு நேரத்திலும் கரையில் நின்றவர்களுக்கு ஒரு சொல் சொல்ல ஆளில்லை. அதே சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் 1907ல் வந்த அலையைப் பற்றிப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். 2004ல் ஆட்டம் நின்றதும் ஊரே மேட்டுக்கு ஓடியது, இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: கரையில் நிற்கும்போது வெகுநேரம் பலமாக ஆடினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ மீன் பொறுக்கவோ வேடிக்கை பார்க்கவோ போகாதே, ஊருக்குள் ஓடு. தூரத்து ஆட்டம் நமக்குத் தெரியாமலும் போகலாம், அதனால் அதிகாரிகள் கரையை விட்டுப் போகச் சொன்னால் உடனே கிளம்பணும்.

பெரம்பூர் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி, திங்கட்கிழமை பீரோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு சந்தேகம், வகுப்பில் ஒரு பையன் சக்கர நாற்காலியில் வருகிறான். அவன் எப்படிக் குனிவது?

சைட் இன்ஜினியர், அண்ணா நகர்:
நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து கையாலோ பையாலோ தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளட்டும். பயிற்சியில் அவனை ஓரமாக வைத்துவிடாதீர்கள் மேடம், எல்லாரோடும் சேர்ந்து செய்யணும். ஆட்டம் நின்றதும் அவனைக் கீழே தூக்கி வரப்போகும் இரண்டு பெரியவர்கள் யார் என்று இப்போதே பெயர் எழுதி வையுங்கள். வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று தலைமையாசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள்.