கல் அடைத்து நடுக்கம் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனை மகள்:
அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் பித்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டது. கண் மஞ்சள், சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி, உடம்பெல்லாம் அரிப்பு. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கிற ஈஆர்சிபிக்குத் திகதி தந்திருந்தார்கள். அதற்கு முன்னரே ஒரு இரவு கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கத் தொடங்கினார். பல்லோடு பல் அடிக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. அண்ணா 1990 அம்புலன்ஸுக்கு அடித்தார். வாட்டில் டொக்டர் "அம்மா, இப்ப எங்க இருக்கிறீங்க?" என்று கேட்க, "பருத்தித்துறையில" என்றார், இருந்ததோ கொழும்பில். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பிரஷரும் இறங்கியிருந்தது. இரத்தக் கல்ச்சரில் ஈ.கோலை. குடலில் கிடக்கிற கிருமி இரத்தத்துக்கு எப்படிப் போனது?

வெள்ளவத்தை 6:
எங்கள் மாமாவுக்கும் இதேதான். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதானே, எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை அணுக்கள் ஏறிக்கிடந்ததை வீட்டுக்கு வந்த மருமகள்தான் கவனித்தாள். டெங்கில் அது இறங்கும். வயது போனால் எதிர்ப்புச் சக்தி குறையும், அதனால்தான் தொற்றுகிறது.

தெஹிவளை தாதி:
வயதை மட்டும் சொல்லாதீர்கள். சர்ஜிக்கல் வாட்டில் முப்பது வயதுப் பிள்ளை ஒருத்தி இப்படியே நடுங்கி வந்ததை இன்னும் மறக்கவில்லை.

பித்தநீர் கொழுப்பைச் செரிக்க மட்டும் இல்லை. குடலில் கிருமி பெருகாமல் அடக்குவதும் அதுதான்; ஐஜிஏ என்ற காவல் புரதமும் அதோடு குடலுக்குப் போகிறது. குழாய் அடைபட்டால் இரண்டும் நின்றுவிடும். கிருமி பெருகும், குடல் சுவர் இளகும், கிருமியின் நச்சு ஈரலுக்குப் போகும். அங்கே வடிகட்டுகிற குப்ஃபர் கலங்களும் அடைப்பினால் சோர்ந்துபோயிருக்கும். இதற்கு மேல், தேங்கிய பித்தத்தில் வளர்ந்த கிருமியைக் குழாயின் அழுத்தமே இரத்தத்துக்குள் தள்ளும். அந்த நடுக்கம் அப்போது வருவதுதான்.

வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் மூன்றையும் ஷார்கோ என்ற பிரெஞ்சு டொக்டர் 1877இல் சேர்த்து எழுதினார். உங்கள் அம்மாவுக்கு வந்த தடுமாற்றமும் பிரஷர் இறக்கமும் அதோடு சேர்ந்தால் நிலைமை மிக மோசம் என்று அர்த்தம். அன்டிபயோட்டிக் மட்டும் போதாது, அடைப்பைத் திறந்து பித்தத்தை வடிய விட வேண்டும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்றதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள், அது கல்லை அசைக்காது. பனடோலில் காய்ச்சல் விட்டதென்று வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம். வயதானவர்களுக்குச் சில வேளை காய்ச்சலே இராது, தடுமாற்றம் மட்டும்தான். பித்தம் இறங்காவிட்டால் விற்றமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறையச் சுணங்கும். ஈஆர்சிபிக்கு முன் ஐஎன்ஆர் என்ற உறைதல் சோதனை பார்ப்பது அதற்குத்தான்.

கொட்டாஞ்சேனை மகள்:
நன்றி அக்கா. பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்த அடுத்த நாளே அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த ஸ்டென்டை அப்படியே விட்டுவிடலாமா?

தெஹிவளை தாதி:
கூடாது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைத்தால் திரும்பவும் இதே கதைதான். வழக்கமாக மூன்று மாதத்துக்குள் எடுப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் திகதி இல்லாவிட்டால் நாளைக்கே கிளினிக்கில் கேளுங்கள்.